சுவரொட்டி

அதிகாலை நாலு பத்து. செங்காங்.
பெண், வயது இருபத்தொன்பது, அடிவயிற்றில் திடீர் வலி,
இரண்டு முறை வாந்தி. கர்ப்பம் இல்லை.
குடல்வால் அல்லது சினைப்பை முறுக்கு என்று
அவசரப் பிரிவின் இளம் டாக்டர் தட்டியிருந்தார்,
கேள்விக்குறி போட மறந்து.

வேலைச் சட்டையோடே வந்திருந்தாள் ருக்காயா.
அதன் ஒளிர்பட்டைகள் என் இருட்டறையில்
திரை வெளிச்சத்தைத் திருப்பி அடித்தன.
கடைசி ரயில் போனபின் தண்டவாளத்தில் இறங்குகிறவள்.
ஹவ்காங்கிற்கும் புவாங்கொக்கிற்கும் நடுவே, சுரங்கத்தில்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம்.

ஜெல் பட்டதும் "குளிருது" என்றாள். பிறகு,
"எங்களோடதுல தண்ணிதான் விடுவோம்."
எதில் என்றேன்.
இரும்புக்குள் விரிசல் பார்க்கும் தள்ளுவண்டியில்.
அதே ஒலி. அதே எதிரொலி.
"அடியிலேர்ந்து சத்தம் திரும்பி வரலேன்னா
அங்கேயே நின்னுடுவோம், டாக்டர்."

கீழே ஒரு கட்டி. பெரியது, வழுவழுப்பானது.
கருப்பை தனியே இருந்தது.
சினைப்பைகள் இரண்டும் தனித்தனியே, சமர்த்தாக.
அப்படியென்றால் இது யாருடையது?

பழக்கத்தில் மேலே போனேன்.
கல்லீரல் அதன் இடத்தில்.
இடது விலாக்களுக்கு அடியில்
மண்ணீரல் இருக்க வேண்டிய பள்ளத்தில்
காற்று நிரம்பிய குடல் ஒன்று குடியேறியிருந்தது.
நின்றுவிட்டேன்.
"முன்னாடி ஏதாவது எடுத்தாங்களா?"
"கடைவாய்ப் பல்."
வயிற்றில் ஒரு தழும்புகூட இல்லை.

சிடி.
ரொவேனா ஊசியை ஏற்றிவிட்டுக்
கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றாள்.
இயந்திரத்தில் பதிந்த குரல் மலாயில் சொன்னது:
மூச்சை இழு, நிறுத்து.
நாங்களும் நிறுத்தினோம்.

படம் படமாய் இறங்கினேன், விலா, வயிறு, தொப்புள்.
இடுப்பெலும்புக் கிண்ணத்தில் கிடந்தது மண்ணீரல்,
வீங்கி, சாயம் ஏறாமல், சாம்பலாக.
அதன் காம்பு மூன்று சுற்று முறுக்கி
தொட்டித் துளையில் இறங்கும் தண்ணீர்போல் ஒரு சுழி.
பாடப் புத்தகத்தில் நாலு வரி படித்தது.
பதினொரு வருடத்தில் இப்போதுதான் நேரில் பார்க்கிறேன்.

சம்பந்தமில்லாமல் தேக்கா சந்தை ஞாபகம் வந்தது.
சனிக்கிழமைகளில் நான் ஆட்டிறைச்சி வாங்கும் கடையில்
மைதீன் பாய் கருஞ்சிவப்பாய் ஒன்றைத் தூக்கி
பீங்கான் ஓட்டுச் சுவரில் சும்மா அறைவார்.
விழாது.
சுவரொட்டி, அரைக் கிலோ போடவா என்பார்.

ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகவே
என் மொழி அதற்கு இட்ட பெயர்.
இவளுடையது ஒட்டவில்லை.
பிடித்து நிறுத்தும் நார்கள் பிறப்பிலேயே தளர்ந்து
இருபத்தொன்பது வருடம்
அவளுக்கே தெரியாமல் உள்ளுக்குள் ஊர் சுற்றியிருக்கிறது,
அவள் குனிந்து நிமிர்ந்த ஒவ்வொரு இரவும்.
இன்று திரும்பும் வழியில் திருகிக்கொண்டது.

டாக்டர் கோவை எழுப்பினேன்.
"வாண்டரிங் ஸ்ப்ளீன்."
"என்னது?"
மறுபடி சொன்னேன்.
"எங்கே இருக்கு?"
"இடுப்பில்."
மறுமுனையில் செருப்பு தேடும் சத்தம்.

இழுத்து வைத்துத் தைத்துவிடலாம், உயிர் இருந்தால்.
சாயமே ஏறாததை யார் தைப்பார்கள்?
அதை நான் அவளிடம் சொல்லவில்லை.
சொல்வது சர்ஜன் வேலை என்று
எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

தள்ளுபடுக்கை திரும்பும் மூலையில்
கையை நீட்டி நிறுத்தினாள்.
"விரிசலா?"
"இல்ல. ஒண்ணு இடம் மாறிப் போயிருக்கு."
வலிக்கு நடுவே கொஞ்சம் யோசித்தாள்.
"அதுக்கு எங்ககிட்ட வேற டீம்" என்றாள்.